மூதூரில் நான் அழித்த பதினொரு தோள்கள்

மூதூர்க் கரையில் முதல் நாள் காலை இருந்தவர்கள்: கரைவலை இழுக்கிற இருபத்து நான்கு பேர், அவர்களை நடத்துகிற தண்டல் கோணேசன், அப்புறம் நான். வராதவர்கள்: எங்கள் பேராசிரியை, கருவிகளைக் கையாள வேண்டிய மோசஸ் அண்ணன், அந்தக் கருவிகள்.

பேராசிரியை வராததற்குக் காரணம் முதுகு. வேலை செய்கிறவர்களுக்குத் தசையிலும் மூட்டிலும் வருகிற வலியை வருவதற்கு முன்பே எப்படித் தடுப்பது என்று இருபது வருடமாக ஆராய்கிறவர். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தன் பெட்டியைக் கட்டிலிலிருந்து தூக்கித் திரும்பியபோது முதுகு பிடித்துக்கொண்டது. அசையாமல் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டு, "நீ மட்டும் போ. யாரும் கேட்டா எனக்குக் காய்ச்சல்னு சொல்லு" என்றார். இப்போது உண்மையை எழுத அவரே அனுமதி கொடுத்துவிட்டார்.

மோசஸ் அண்ணன் கொழும்பு வரைக்கும் வந்தார். கருவிப் பெட்டியின் தாள்களில் ஒரு கையெழுத்து குறைந்தது. அது எங்கள் பக்கத்துக் கையெழுத்துதான். சரிசெய்து பெட்டி கைக்கு வரும்வரை அங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். என் கையில் இருந்தது ஒரு கட்டுப் படிவம், ஒரு டஜன் பென்சில், ஒரு அழிரப்பர். அந்த ரப்பரைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் தூத்துக்குடி உப்பளத்துக் குடும்பம். அப்பா உப்புப் பெட்டி சுமந்தவர், அம்மா பாத்தியில் உப்பு வாரியவர். பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் எங்கள் வீட்டில் நான்தான் முதல். இயன்முறை மருத்துவம் படித்து, இந்த ஆராய்ச்சியில் உதவியாளனாகச் சேர்ந்தேன். பாஸ்போர்ட் வந்த அன்று அப்பா அதைத் தெரு முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். ஒரு பக்கத்தில் உப்புக் கை பட்ட வெள்ளைத் தடம் இன்னும் இருக்கிறது. விமான நிலையத்தில் அதிகாரி அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

திருகோணமலைக்குப் போகும் பஸ்ஸில் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் பேசிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்: "பெரிய பெட்டி இல்லாம வந்த இந்தியக்காரனை இண்டைக்குத்தான் பாக்கினமாம்." பெட்டி கொழும்பில் இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். இறங்கும்போது ஒருவர் எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

திருகோணமலை நகரத்தில் ஒரு இரவு தங்கினேன். கடைத்தெருவும் துறைமுகமும் எங்கள் ஊரை ஞாபகப்படுத்தின. ஆனால் எங்கள் கடல் தட்டை. இங்கே மலை கடலுக்குள் இறங்கி நின்று வளைகுடாவைக் கையால் அணைத்த மாதிரி இருக்கிறது. அந்த வளைகுடாவுக்கு அக்கரையில் மூதூர். பாலங்களைக் கடந்து பஸ்ஸில் போய்ச் சேர்ந்து, கரைக்குப் போக ஒரு முச்சக்கர வண்டி பிடித்தேன்.

கரைக்கு நூறு அடி இருக்கும்போது வண்டி மணலில் புதைந்தது. ஓட்டுநர் முடுக்க முடுக்க இன்னும் கீழே போனது. வலைக்காரர்கள் ஒரு கயிற்றுத் துண்டைக் கொண்டுவந்து வண்டியில் கட்டினார்கள். ஆறு பேர் பிடித்தார்கள். அப்போது கோணேசன் சொன்னது என் காதில் விழுந்தது: "ரபீக்குக்கு இடப்பக்கம் விடுங்க. அவன் அங்கால நிண்டா இழுக்க மாட்டான்." வகுப்பில் அவரவர் பெஞ்சுக்குப் போவதுபோல ஆறு பேரும் கயிற்றின் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றார்கள். ஒரு இழுப்பு. வண்டி வெளியே வந்தது. நான் இறங்கவே இல்லை, உள்ளேதான் இருந்தேன்.

"இந்தியாவிலயிருந்து வந்தவர் நல்ல பாரம்" என்றார் கோணேசன். அதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

கரைவலையைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வள்ளம் வலையைக் கடலில் அரை வட்டமாக விட்டு வரும். வலையின் இரண்டு முனையிலிருந்தும் நீளமான கயிறு கரைக்கு வரும். ஒரு கயிற்றுக்குப் பன்னிரண்டு பேர். தண்ணீர் ஓரத்தில் கயிற்றைப் பிடிக்கிறவர் பக்கவாட்டில் நின்று, கடல் பக்கத்துக் கையை முன்னால் நீட்டி, மேட்டை நோக்கி நடந்துகொண்டே இழுப்பார். மேட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்குப் போய்ப் பிடிப்பார். வலையின் மடி கரைக்கு வரும்வரை இரண்டு மணி, மூன்று மணி நேரம் இந்தச் சுற்று நிற்காது. தூத்துக்குடியில் பார்த்திருக்கிறேன். ஆனால் எண்ணிப் பார்த்ததில்லை. இங்கே ஒருவரைப் பின்தொடர்ந்து எண்ணினேன். நூறைத் தாண்டியதும் எனக்கே தோள் வலித்தது.

கருவிகள் இருந்தால் அவர்கள் முதுகிலும் கையிலும் ஒட்டி அசைவை அளந்திருப்போம். இல்லாததால் படிவம்தான். படிவத்தில் நம்மைப் பார்த்து நிற்கும் ஒரு மனிதப் படம். எங்கே வலிக்கிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போட வேண்டும். பக்கத்தில் வலியின் அளவு, பூச்சியத்திலிருந்து பத்து வரை. படத்தில் இருப்பவன் நம்மைப் பார்த்து நிற்பதால் அவனுடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம் வரும். இதை ஒவ்வொருவருக்கும் நிறுத்தி விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் எழுந்து எதிரே நின்று, "இப்பிடித்தானே தம்பி?" என்று தன் வலக்கையைத் தூக்கிக் காட்டினார். நன்றாகத்தான் புரிந்திருந்தது.

மறுநாள் நடுப்பகலில் படிவங்களை விரித்துப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் வலத்தோளில் வட்டம் போட்டிருந்தார்கள். பதினொரு பேர் இடத்தோளில். ஒருவர் கழுத்தில். எனக்கு இடித்தது. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே கயிறு. எல்லோரும் சோற்றுக்கும் பென்சிலுக்கும் வலக்கை பயன்படுத்துகிறவர்கள். நான் படித்த பாடத்தின்படி வலி வலத்தோளில் இருக்க வேண்டும். பாதிப் பேர் படத்தைக் கண்ணாடி என்று நினைத்துப் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். படிக்காதவர்கள்தானே என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. நான் அப்போது அதை எனக்குள்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

ரப்பரை எடுத்தேன். பதினொரு தோள்களையும் அழித்து வலப்பக்கம் வட்டம் போட்டேன். பேராசிரியைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இருபத்து நான்கில் இருபத்து மூன்று பேருக்கு வலத்தோள். "இவ்வளவு தெளிவா ஒரு முடிவு வந்து பார்த்ததே இல்லை, முத்து" என்று எழுதினார். அன்று மாலை துறைமுக விளக்குகள் அக்கரையில் எரிவதைப் பார்த்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டு அதை அப்படியே சொன்னேன்.

எனக்குச் சாப்பாடு ஜெசீமா ராத்தாவின் கடையில். ராத்தா என்றால் அக்கா. மூதூர்ச் சந்திக்குப் பின்னால் நான்கு கதிரை, ஒரு மேசை. காலையில் இடியப்பம், சொதி, இடித்த சம்பல். மதியம் சோறும் மீனும். பின்னேரம் பாலில்லாத தேத்தண்ணி. தோப்பூர்ப் பக்கத்திலிருந்து வருகிற எருமைத் தயிர் சட்டியோடு வரும். கவிழ்த்தாலும் விழாது. எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் என்று சொன்னேன். "அது புள்ளைப்பெத்த வீட்டுச் சாப்பாடு" என்று ராத்தா எனக்கு இன்னொரு கரண்டி சம்பல் வைத்தார்.

ராத்தாவின் கணவர்தான் அந்த ரபீக். வயது நாற்பதுக்குள். கயிற்றில் முதல் ஆள் அவர். எல்லோரும் அவரை ரபீக் காக்கா என்றார்கள். காயல்பட்டினத்திலும் அண்ணனைக் காக்கா என்பார்கள் என்பதால் எனக்கு அது அந்நியமாக இல்லை. தோள் வலியின் அளவில் அவர் எட்டு என்று குறித்திருந்தார். வேறு யாரும் ஆறைத் தாண்டவில்லை.

அந்த எட்டுக்கு என்ன அர்த்தம் என்று ராத்தாதான் சொன்னார். ரபீக் காக்காவின் மச்சான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார். இந்தப் பருவம் முடிந்ததும் அங்கே காவல் வேலைக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார். கயிறு இழுக்க முடியாத ஆளுக்கு வலையில் பங்கு கிடையாது. தோள் இப்படியே இருந்தால் போகத்தான் வேண்டும். கடையையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு ராத்தா கூடப் போக முடியாது. "வருஷத்துல ரெண்டு பெருநாளைக்கு வருவாராம்" என்று சொல்லிவிட்டு ராத்தா குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் இயன்முறை மருத்துவன். இதற்குத்தானே படித்தேன். மறுநாளே ரபீக் காக்காவுக்கு வலத்தோளுக்கான பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தேன். சுவரில் விரல்களால் ஏறுவது, துவாயைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் இழுப்பது, மணல் நிரப்பிய போத்தலைத் தூக்குவது. காலையும் மாலையும் ஒரு நாள்கூடத் தவறாமல் செய்தார். கடைக்கு வந்தவர்கள் கேலி செய்தார்கள். சுவரில் என்ன பல்லி பிடிக்கிறீரா என்றார் ஒருவர். அவர் சிரித்துக்கொண்டே விரல்களை மேலே ஏற்றினார். வலக்கை தலைக்கு மேலே தடையில்லாமல் போனது. என்ன வேகமான முன்னேற்றம் என்று வியந்து குறிப்பேட்டில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வலை கிடையாது. பத்து மணிக்கு நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ரபீக் காக்கா பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். சட்டை போட்டார். இடக்கையை வலக்கையால் பிடித்துத் தூக்கி முதலில் இடது சட்டைக் கைக்குள் விட்டார். அதன் பிறகுதான் வலக்கை.

எங்கள் படிப்பில் இரண்டாம் ஆண்டே சொல்லித் தருவார்கள்: தோள் வலிக்கிறவன் எந்தக் கையை முதலில் சட்டைக்குள் விடுகிறான் என்று பார், அதுதான் வலிக்கிற கை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"காக்கா, உங்களுக்கு வலிக்கிறது எந்தத் தோள்?"

"இடது." கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல மெதுவாகச் சொன்னார்.

"நான் வலது தோளுக்குத்தானே பயிற்சி கொடுத்தேன்?"

"ஓம்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க படிச்ச ஆள் தம்பி. நல்ல கையப் பலப்படுத்தினா நோவுள்ள கைக்கு ஓய்வு வருமாக்கும் எண்டு நினச்சன்."

குசினியிலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "நான் அண்டைக்கே சொன்னன். அவர் கேக்கல்ல. விருந்தாளிய மடக்கிக் கேள்வி கேக்கப்படாதாம்."

தங்கியிருந்த அறைக்கு ஓடினேன். ரபீக்கின் படிவத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நான் போட்ட வட்டம் வலத்தோளில் கறுப்பாக இருந்தது. இடத்தோளில், அழித்த இடத்தில், அவர் அழுத்திப் போட்ட வட்டத்தின் பள்ளம் தாளில் அப்படியே இருந்தது. மற்றப் பத்துப் படிவங்களையும் எடுத்துச் சாய்த்தேன். பத்திலும் பள்ளம் இருந்தது. படிக்காதவர்கள் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். படித்தவன்தான் மாற்றிப் போட்டிருந்தான்.

சனிக்கிழமை காலை வலை விடுவதற்கு முன்பு எல்லோரையும் உட்காரச் சொல்லி நடந்ததைச் சொன்னேன். அழித்தேன் என்ற வார்த்தையையே சொன்னேன். கோணேசன் பக்கத்து ஊரான கட்டைபறிச்சான்காரர், மெதுவாகப் பேசுகிறவர். மணலில் கிடந்த ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது தம்பி. இடக்கை எது, வலக்கை எது எண்டு தெரியும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். பின்னாலிருந்து ஒருவர், "ரபீக் காக்காட வலக்கை இப்ப நல்ல பலம். அடி வாங்காமப் பாத்துக்கொள்ளுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அன்று முழுவதும் ஒரே ஒரு வேலை செய்தேன். யார் கயிற்றுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று குறித்தேன். கடலைப் பார்த்து நின்றால் கயிற்றுக்கு இடப்பக்கம் நிற்கிறவருக்குக் கடல் பக்கத்துக் கை இடக்கை. அதுதான் முன்னால் நீண்டு பாரத்தை வாங்குகிறது. வலப்பக்கம் நிற்கிறவருக்கு வலக்கை. மாலையில் பெயர்களையும் படிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் நிற்கிற பதினொரு பேர். இடத்தோள் வலிக்கிற பதினொரு பேர். ஒரு பெயர்கூட மாறவில்லை. மணலில் வண்டி புதைந்த அன்றே கோணேசன் இதை என் காது கேட்கச் சொல்லியிருந்தார்.

அப்படியானால் ஏன் ஒருவர் எப்போதும் ஒரே பக்கம் நிற்கிறார்? கோணேசனைக் கேட்டேன். வாடியில், அதாவது கரையில் வலை வைக்கும் கொட்டிலில், உட்கார்ந்து யோசித்தார்.

"முன்னம் அப்பிடி இல்ல. முன்னம் தேங்காத் தும்புக் கயிறு. துண்டு துண்டாத்தான் கிடைக்கும், முடிஞ்சு முடிஞ்சு நீட்டுவம். தண்ணிக்குள்ளயிருந்து முடிச்சு வந்தா முதல் ஆள் 'மாறு' எண்டுவான். பிறகு வாற ஒவ்வொருத்தனும் மற்றப் பக்கம் நிண்டு பிடிப்பான்."

"எதுக்கு?"

"முடிச்சு உள்ளங்கையில உரசும் தம்பி. ஒரே கையில உரசினாத் தோல் போயிரும். அதுக்குத்தான். நைலோன் கயிறு வந்து ரெண்டு வருஷம். நீட்டா வருது, முடிச்சில்ல. பிறகு எதுக்கு மாற?"

தோள் எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டேன். "அதுவும் ரெண்டு வருஷம்..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்தினார். கொட்டிலின் மூலையில் பழைய தும்புக் கயிறு சுருட்டியபடி கிடந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

நைலோன் கயிறு வந்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். பாரம் குறைவு, ஊறாது, உள்ளங்கை புண்ணாகாது. சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர், அவர்கள் நன்மைக்காகத்தான் வாங்கிக்கொடுத்தார். தோளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த முடிச்சுதான் என்று ஒருவருக்கும் தெரியாது. உள்ளங்கைக்காகச் செய்த ஒரு பழக்கம் கேட்காமலே தோளையும் பார்த்துக்கொண்டது. எங்கள் துறையில் இதற்கு வேலைச் சுழற்சி என்று பெயர் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இங்கே ஒரு சொல்லில் நடத்தியிருக்கிறார்கள்.

பேராசிரியையை அழைத்தேன். முதலில் அழித்த கதையைச் சொன்னேன். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"பென்சில் பள்ளம் தெரியுதா?"

"தெரியுது மேடம். பதினொண்ணும் தெரியுது."

"எல்லாத்தையும் இருந்த இடத்துல போடு. நீ அழிச்சதையும் அறிக்கையில எழுது, உன் பேரோட. எழுதமாட்டேன்னா நீ திரும்பி வந்து என்னைப் பாக்க வேண்டாம்."

எழுதுகிறேன் என்றேன். அப்புறம் முடிச்சின் கதையைச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார முயன்றிருக்க வேண்டும். முதுகைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்றது கேட்டது.

அப்பாவிடமும் சொன்னேன். "நீ பரீட்சையிலயும் அழிச்சு அழிச்சுத்தாம்ல எழுதுவே" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

முடிச்சில்லாத கயிற்றில் மாறும் இடத்தை எப்படிக் காட்டுவது? திங்கட்கிழமை நகரத்துக்கு பஸ் ஏறி, பளிச்சென்ற சிவப்புத் துணி நான்கு மீட்டர் வாங்கிவந்தேன். பட்டை பட்டையாகக் கிழித்துக் கயிற்றில் கட்டினோம். பழைய முடிச்சு எவ்வளவு தூரத்துக்கு ஒன்று வரும் என்று கோணேசன் கைகளை விரித்துப் பாகக் கணக்கில் அளந்து சொன்னார். மறுநாள் முதல் வலையிலேயே என் துணி தோற்றது. நனைந்து கயிறோடு ஒட்டிக்கொண்டது. முதல் பட்டை வந்ததையே யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவதில் ஒருவருக்குக் கை வழுக்கியது.

ரபீக் காக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "கண்ணுக்கு வேற வேல இரிக்கி தம்பி. வலை எங்கால போகுது, மற்றக் கயிறு முந்துதா, பாக்கோணும். இது கைக்குத் தெரியோணும்."

சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போய் மூலையில் கிடந்த பழைய தும்புக் கயிற்றை இழுத்துவந்தார். சாண் சாணாக வெட்டினார்கள். நைலோன் கயிற்றைச் சுற்றி வைத்து வலை நூலால் இறுக்கிக் கட்டினார்கள். நூல் ஒரு பந்து கடையில் வாங்கினோம். மூன்று பேர் கட்ட, மற்றவர்கள் கட்டினது சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னேரத்துக்குள் இரண்டு கயிற்றுக்கும் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கயிற்றில் கையை ஓட்டினேன். வழுவழுவென்று போய்க்கொண்டே இருந்த கை ஒரு இடத்தில் சொரசொரப்பாகத் தடுக்கியது. யாருக்கும் தப்பாது.

புதன்கிழமை விடியற்காலை வலை விட்டார்கள். நான் தண்ணீர் ஓரத்தில் நின்றேன். முதல் தும்புக்கட்டு தண்ணீரிலிருந்து வந்தது. ரபீக் காக்காவின் கை அதில் பட்டது.

"மாறு" என்றார்.

இரண்டு வருடமாக அந்தச் சொல் அந்தக் கரையில் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரு கணம் குழப்பம். இரண்டு பேர் ஒரே பக்கம் போய் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் பழக்கத்தில் பழைய பக்கத்திலேயே பிடிக்க, மற்றவர்கள் கத்தினார்கள். இரண்டாவது தும்புக்கட்டில் பாதிப் பேர் சரியாக மாறினார்கள். நான்காவதில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால்கள் அதை மறக்கவே இல்லை. ரபீக் காக்கா நைலோன் கயிறு வந்த பிறகு முதன்முறையாக வலப்பக்கம் நின்று, வலக்கையை முன்னால் நீட்டி இழுத்தார். சுவரில் பல்லி பிடித்த கை. நன்றாகவே இழுத்தது. நான் கொடுத்த தவறான பயிற்சியும் வீணாகப் போகவில்லை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

மீன் அன்று பெரிதாக இல்லை. சூடையும் கொஞ்சம் காரலும்தான். எனக்கு மட்டும் அது பெரிய மீன்பாடாகத் தெரிந்தது.

அதன் பிறகு எல்லோருக்கும் வலிக்கிற தோளுக்குச் சரியான பயிற்சிகள் கொடுத்தேன், இந்த முறை ஒவ்வொருவரிடமும் எந்தக் கை என்று இரண்டு தடவை கேட்டு. இரண்டு வாரத்தில் தோள் குணமாகாது. அப்படிச் சொன்னால் நான் படித்தது பொய். புறப்படுவதற்கு முந்தின நாள் மறுபடி படிவம் கொடுத்தேன். ரபீக் காக்காவின் வட்டம் அதே இடத்தில் இருந்தது. அளவு எட்டிலிருந்து ஆறு. கோணேசன் எல்லோருடைய படிவங்களையும் சேர்த்து என்னிடம் நீட்டும்போது, "அழிக்கிற சாமான் எங்க?" என்று கேட்டார். கடலில் போட்டுவிட்டேன் என்றேன். அது உண்மைதான். அதற்காக ராத்தா, கடலில் குப்பை போடக்கூடாது என்று திட்டினார்.

தேத்தண்ணிக்கு ராத்தா கடைசிவரை காசு வாங்கவில்லை. சாப்பாட்டுக்கு வாங்கினார், அதுவும் நான் கோபித்துக்கொண்ட பிறகு. கொழும்பில் கருவிப் பெட்டி நாங்கள் திரும்புகிற நாளில்தான் கைக்கு வந்தது. மோசஸ் அண்ணன் அதைத் திறக்காமலே விமானத்தில் ஏற்றினார்.

பருவம் முடிந்த பிறகு போனில் ரபீக் காக்காவின் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் கடையில் பாத்திரம் விழுகிற சத்தம். "தம்பி, சுகமா இரிக்கிறீங்களா? மச்சானுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லிட்டன். நான் போகல்ல. இண்டைக்குக் காலையில இடக்கையால தலை வாரினன். அத உங்களுக்குச் சொல்லோணும் எண்டு இவ சொன்னா." அப்புறம், "நிலாவெளிப் பக்கத்து வலைக்காரர் ரெண்டு பேர் வந்து கயிற்றத் தடவிப் பாத்திட்டுப் போறாங்க" என்றார். அதைச் சொன்னபோது அந்தக் குரலில் இருந்தது எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டைத் தெருவுக்கு எடுத்துப் போன அப்பாவின் குரலில் அதைக் கேட்டிருக்கிறேன்.

அறிக்கை எழுதி முடித்தோம். நான் பதினொரு படிவங்களை அழித்ததும், அது தவறு என்பதும், என் பெயரோடு ஒரு பத்தியாக இருக்கிறது. யோசனை யாருடையது என்ற இடத்தில் கோணேசனும் ரபீக்கும் மற்ற இருபத்து மூன்று பேரும் பெயர் பெயராக இருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், தடுப்பு முறைக்கு ஆன மொத்தச் செலவு என்று ஒரு கட்டம் உண்டு. தோற்றுப்போன துணியைச் சேர்க்க வேண்டாமா என்று கேட்டேன். "தோத்ததும் செலவுதான், போடு" என்றார் பேராசிரியை. சிவப்புத் துணி நான்கு மீட்டர் ஆயிரத்து நானூறு. வலை நூல் ஒரு பந்து அறுநூற்று ஐம்பது. பழைய தும்புக் கயிறு கொட்டிலில் கிடந்தது. கட்டத்தில் எழுதினேன்: இரண்டாயிரத்து ஐம்பது இலங்கை ரூபாய்.